செப்புக்குடத்துத் தண்ணீர்

கல்யாணராமன் விலங்கியல் பயிற்றுநராகச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகியும் முனைவர் பட்டம் வாங்கவில்லை. 1974 ஆகஸ்டோடு அவருடைய ஆராய்ச்சிப் பதிவு முடிகிறது. அதற்குள் கடைசி ஆய்வுச் சோதனை முடிந்தாக வேண்டும். கோடை விடுமுறையில் கல்லூரி பூட்டிக் கிடந்ததால், மயிலாப்பூர் வீட்டு ஜன்னலோரக் கண்ணாடித் தட்டுகளில் ஹைட்ரா வளர்த்தார்.

ஹைட்ரா என்பது குளத்து இலையடியில் ஒட்டிக் கிடக்கும், நூல்துண்டு போன்ற உயிர். தலையை வெட்டினால் மறுபடி முளைக்கும். எல்லாச் செல்லிலும் ஒரே ஜீன்கள் இருக்க, தலை மட்டும் ஓரிடத்தில்தானே முளைக்கிறது, அது ஏன் என்பதே அவர் கேள்வி. இருக்கிற தலையிலிருந்து ஏதோ சமிக்ஞை இறங்கி, மற்ற இடங்களில் அந்த ஜீன்களை அடக்கி வைக்கிறது என்று நினைத்தார். அதைச் சோதிக்க, ஒன்றின் தலையருகே வெட்டிய துணுக்கை இன்னொன்றின் நடுவுடலில் ஒட்டி, அங்கே இரண்டாவது தலை முளைக்கிறதா என்று பார்த்தார். ஒட்டும்வரை நழுவாதிருக்க இரண்டையும் ஒரு தலைமுடியில் கோத்தார். முடி அவர் மனைவி சீதாவுடையது.

"சவுரிக்குச் சேர்த்து வெச்சேன். பூச்சிக்குப் போயிடுத்து" என்பாள் அவள்.

விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போனபோது, "குழாய்த் தண்ணி விடாதே, பிளீச்சிங் பவுடர் கொன்னுடும். பானைல குளத்துத் தண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து லென்ஸைக் கண்ணில் வைத்தார். தட்டுகளில் வெண்கசடு மட்டும் கிடந்தது.

"என்ன தண்ணி விட்டே?"

"பானை விரிசல் விட்டு ஒழுகிப் போச்சு. நம்மாத்துல இருக்கறதுலயே சுத்தமானது, பூஜை செப்புக்குடத்துலேர்ந்து விட்டேன். கிணத்துல நமக்கே நாளைக்கு ஒரு குடம்தான் கிடைக்கறது."

"செப்பு அதுக்கு விஷம், சீதா."

"நாம குடிக்கறோமே."

"நாம குடிக்கலாம்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. பிளீச்சிங் பவுடரைச் சொன்னவர் செப்பைச் சொல்லாமல் போனார். இந்த வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் எந்தக் குடத்துக்குப் போவாள் என்று அவருக்குத் தெரியாதா?

சாயங்காலம் சீதா ஊறுகாய் ஜாடியைப் சாம்பல்போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, அவர் முன் வைத்தாள்.

"இது பீங்கான். இதுல கொண்டுவரலாமோன்னோ?"

"இதுகளைப் பிடிச்ச அடையாறு குளத்துல இப்போ தண்ணி இருக்கோ என்னமோ. இருந்தாலும் ஆகஸ்டுக்குள்ள முடியாது."

"போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்கோ."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஜாடியை எடுத்தார். வாசலில் அவள், தலையிலிருந்து பிடுங்கிய முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நரைச்சிருக்கு. பரவாயில்லையா?"

"லென்ஸ்ல நன்னாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு மெதுவாக நடந்தார்.