மாமாவின் காரில் அண்ணையின் குரல்

பின்னேரம் நாலே முக்காலுக்கு மாமாவின் ஒஸ்ரின் காருக்குள்ளிருந்து புகை வந்தது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செய்தி தொடங்கிவிட்டதோ என்று அயலவர்கள் அப்போதுதான் அப்பாவின் கை மணிக்கூட்டை எட்டிப் பார்த்திருந்தார்கள்.

எனக்கு எட்டு வயது. போரால் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. அண்ணை வெளிநாடு போகப் புறப்பட்டு, இடையில் ஏதோ ஒரு நாட்டில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனின் அறையில் மாதக்கணக்காக அடைபட்டிருந்தார். கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிறவர். அதனால் தன் குரலை ஒரு கசெற்றில் பதிந்து, கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும்படி அனுப்பியிருந்தார்.

எங்கள் வீட்டு ரேடியோப் பெட்டி சைக்கிள் டைனமோவில்தான் ஓடும். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி நான் மிதித்தேன். வேகமாக மிதித்தால் அண்ணை அணில் மாதிரிக் கீச்சிட்டார். எனக்குக் களைத்தபோது அவருடைய குரல் இழுபட்டு ஒப்பாரியாகிவிட்டது.

"பிள்ளை அழுகிறான்! நிப்பாட்டு, நிப்பாட்டு!" அம்மா எழும்பிவிட்டார்.

"அவன் அழேல்லையப்பா. இவள் ஒழுங்கா மிதிக்கிறாளில்லை," என்றார் அப்பா.

ஆனால் அம்மா கசெற்றைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். டைனமோவில் இனிப் போடக்கூடாது.

மாமா அம்மாவின் தம்பி. வாழைக்குலைகளைச் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றும் அந்தக் காரை, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடினாலும், அவர் பழசென்று ஒப்புக்கொண்டதில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் ரேடியோவும் கசெற்றும் போடக்கூடிய கார் செற் ஒன்றை வாங்கிவிட்டு, "பொறு அக்கா, உன்ரை மோன் பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரிச் செய்து தாறன்," என்றார்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். புதிய செற்றுகளுக்கு எதிர்மாறு, மைனஸ்தான் உடம்பில் பட வேண்டும். சுன்னாகத்து மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அம்மா ஒவ்வொரு நாளும் "முடிஞ்சுதோடா?" என்று கேட்க, மாமாவால் பொறுக்க முடியவில்லை. காரின் உடம்பில் செற் படாவிட்டால் சரிதானே என்று, அதைச் சைக்கிள் ரியூப்பால் சுற்றி, பனம்பலகைப் பெட்டி ஒன்றுக்குள் இறுக்கினார்.

அது பாடியது! கார்க் கதவுகளே அதிர்ந்தன. முன் சீற்றில் அம்மா கோயிலில் இருப்பது போல இருந்தார். அண்ணை இழுபடாமல், கீச்சிடாமல், அண்ணையாகவே கதைத்தார். நாய் குட்டி போட்டதா, அப்பாவின் முழங்கால் எப்படி என்று கேட்டார். "சின்னவள் என்ரை சைக்கிளை முறிச்சுப்போட்டாளோ?" என்றபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சத்தம் கேட்டு அயல் முழுவதும் கூடிவிட்டது. கசெற்றின் அந்தப் பக்கம் முடியும்போது அண்ணையின் குரல் தணிந்தது.

"அம்மா, மற்றப் பக்கத்தை நீங்கள் தனியக் கேளுங்கோ. உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

அம்மா திரும்பிப் பார்த்தார். எல்லா யன்னலிலும் தலைகள்.

"இவையள் போகட்டும், பிறகு கேப்பம்," என்றார் மெதுவாக.

அவர்கள் போகவில்லை. "உவ்வளவு பெரிய செற் பூட்டியிருக்கிறியள், எங்களுக்கு ஒரு செய்தி போடமாட்டியளோ?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. செய்தி கேட்டால் போய்விடுவார்கள் என்று மாமா நினைத்தார். கசெற்றை எடுக்காமலே ஏரியல் வயரைச் செற்றின் பின்னால் செருகினார். ஏரியல் பூட்டியிருந்தது காரின் உடம்பில். ரியூப் சுற்றிப் பிரித்து வைத்திருந்த இரண்டையும் அந்த வயர் சேர்த்துவிட்டது.

முதலில் புகை. பிறகு ரியூப் பற்றிக்கொண்டது. மாமா பற்றரியைக் கழற்றக் குறட்டோடு ஓடினார். அப்பா மண்ணை அள்ளி வீசினார். எரிகிற பெட்டிக்குள் கைவிடப் போன அம்மாவை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள்.

அண்ணையிடமிருந்து அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை. அந்த அறையிலிருந்து அவர் எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் கேட்டது என்ன, தான் பதில் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது என் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். அவளுடைய குரல் செய்தி வந்தால், யார் முன்னால் இருந்தாலும் எழும்பிப் போய்க் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

அன்றைக்கு எனக்கிருந்த ஒரே பயம், கார் போய்விட்டதோ என்பதுதான். அம்மா ஏன் காரை ஏறெடுத்தும் பார்க்காமல் நிலத்தில் இருக்கிறார் என்று விளங்கவில்லை.

பொழுதுபடும் நேரம் சுன்னாகத்து மெக்கானிக் வந்தார். எரிந்த பெட்டியைக் கழற்றி, உருகி ஒட்டிய கறுப்புக் கட்டியை வாழைக்குள் எறிந்தார். பற்றரியைப் பூட்டிக் காரை ஸ்ராட் செய்தார். அது இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அக்கா. காருக்கு ஒண்டுமில்லை. ஒரு கசெற்றுத்தானே போனது."

நான் கைதட்டினேன்.