அக்காவின் மேசைக்கு ஒரு கறுப்பு ஒயர்

ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், மின்சாரப் பட்டறையில் நான் வேலை பார்த்த காலம் அது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் கைவேலையில் யாராவது குறை சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன்தான் அழகுக்கு ஆசைப்பட்டுப் பெரிய மடத்தனம் செய்யப் பார்த்தேன்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு மேசை கேட்டிருந்தார்கள். மேலே கண்ணாடி, உள்ளே பல்பு. காய்ந்த ரப்பர் ஷீட்டை அதன்மேல் விரித்தால் அழுக்குப் புள்ளி பளிச்சென்று தெரியும், பெண்கள் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். அதுவரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே பார்த்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அக்கா. மழை நாளில் கண் வலித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்தேன். வெளிச்சம் கூடட்டும் என்று உள்ளே தகரம் அடித்தேன். பித்தளைச் சுவிச்சு வைத்தேன். சிவப்பும் பொன்னிறமுமாக முறுக்கிய பட்டு ஒயர் போட்டேன். துரைமார் வீட்டு விளக்குக்குப் போடுகிற சாமான் அது!

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய் இதையெல்லாம் பெருமையடித்தேன்.

"ஆயுத பூசைக்குள்ள வந்துருமா? ஒரு கொடம் தண்ணி ஊத்திக் கழுவி, சந்தனம் வச்சு, ஒயருக்கும் பூ சுத்திர்றேன்" என்றாள்.

"தண்ணி கிண்ணி ஊத்தாதக்கா. ஊத்தித்தான் ஆவணும்னா வெளக்க அணைச்சுட்டு ஊத்து."

"பூசையில வெளக்க அணைப்பாங்களாடா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

அப்போதுதான் என் மடத்தனம் எனக்கு உறைத்தது. பட்டு நூல் ஈரத்தைக் குடிக்கும். அதற்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் தகர ஓரத்தில் உரசி அறுந்துவிடும். பிறகு தகரம், சுவிச்சு எல்லாம் கரண்டுதான். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடும் ஈரக் கையோடும் நிற்கப் போகிறவள் அக்கா. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் தவுக்கேயிடம் விஷயத்தைச் சொல்லி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பலகையில் எழுதி மாட்டச் சொன்னார்.

"யாரு படிப்பா தவுக்கே? எங்கக்காவுக்கு எழுத்தே தெரியாது. தெரிஞ்சாலும் ஊத்துவா" என்று கத்திவிட்டேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. தினமும் காலையில் இயந்திரங்களுக்கு ஊதுபத்தி காட்டுகிறவர்தான் அவரும். சாமான் அறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

தகரத்தைப் பிய்த்தெறிந்து வெள்ளைச் சாயம் பூசினேன். பல்பைக் கரண்டு பாயாத பீங்கானில் பொருத்தினேன். சுவிச்சும் பீங்கான்தான், அதுவும் தண்ணீர் எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டும்படி. தடித்த ரப்பர் உறை போட்ட கறுப்பு ஒயரைப் மேசைப் பெட்டியின் அடிவழியாக வெளியே எடுத்தேன். பார்க்க எருமை வால் மாதிரி இருந்தது. பட்டறை வாசலில் விளக்கை எரியவிட்டு ஒரு குடம் ஊற்றினேன். சூட்டில் கண்ணாடி படீரென்று வெடித்தது. பல்பைத் தாழ்த்தி, தடித்த கண்ணாடி போட்டு, விளிம்பெல்லாம் அடைத்து மறுபடி மூன்று குடம் ஊற்றினேன். சோதனை விளக்கை வைத்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். எங்கும் கரண்டு இல்லை. அதற்குப் பிறகுதான் என் ஈரக் கையை வைத்தேன்.

ஆயுத பூசையன்று தோட்டத்துக்குப் போனேன். மேசைக்குள் விளக்கு எரிந்தது. அக்கா குடத்தோடு வந்தாள். என் கை தானாகச் சுவிச்சுக்குப் போய்விட்டது.

"அங்க என்னடா கை? அணைக்கப் பாக்குறியா?"

"இல்லக்கா."

"அப்ப எடு. நீ செஞ்சதுமேல ஒனக்கே நம்பிக்கை இல்லன்னா நான் எப்படித் தொடுறது?"

கையை எடுத்தேன். அவள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் கண்ணாடியில் விழுந்து, ஓரங்களில் வழிந்து, ஒயர்மேல் ஓடித் தரையில் சொட்டியது. அக்கா ஈரக் கையால் ஒயரைத் தூக்கிப் பிடித்துப் பூவைச் சுற்றினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கடி, பயப்படாம தொட்டுக் கும்புடுங்க. எந்தம்பி செஞ்சது."