சிந்துஜா என்று பெயர் வைத்தோம்

என் மகளின் பெயர் சிந்துஜா. அந்தப் பெயரை நான் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தேன்.

அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த குடும்பநல மாது. கர்ப்பிணிகளைப் பார்க்கவும் பிள்ளைகளை நிறுக்கவும் வீடு வீடாகப் போகவேண்டும். சனங்களுக்கு நான் மிஸ்ஸி. வாவியைக் கடக்கும் பாதையில், அந்தத் தட்டையான மிதவையில், ஆடுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அக்கரையில் இறங்கி வயல் வழியாக மிதித்தால் முதல் வீடு வரும். ஒருநாள் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு தாய், தாராக் குஞ்சைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடிய மகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். "சிந்துஜா, அதை விடடி. சிந்துஜா, உன்னைத்தான்." ஏச்சாக இருந்தாலும் காதுக்கு நன்றாக இருந்தது. எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

மகள் பிறந்தாள். சதய நட்சத்திரம். 'சி'யில் தொடங்கும் பெயர் வைக்கச் சொன்னார் சாத்திரியார். என் கணவர் சிவகாமி என்றார்.

"சிவகாமி எண்டா இப்பவே பென்சன் எடுத்த ஆள்ர பேர் மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"அப்ப நீங்க சொல்லுங்கோவன்."

சொன்னேன். அவர் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். பொருள் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் பெண்பிள்ளைகளின் பெயர் 'ஜா'விலும் 'ஷா'விலும் முடிந்தால் போதும். நிறுவைத் தராசில் தொங்கிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட பெயர்கள்தான்.

அதன் பிறகு ஊரில் அந்தப் பெயர் பரவியதற்கு என் வேலைதான் காரணம். பெயர் வைக்கிற முப்பத்தோராம் நாளுக்கு முன்னே பிள்ளை பார்க்கப் போனால், பாயில் படுத்திருக்கும் தாய்மார் கேட்பார்கள். "உங்கட மகள்ட பேர் என்ன மிஸ்ஸி?" சொல்வேன். அடுத்த மாதம் கிளினிக்குக்கு ஒரு புதிய சிந்துஜா வருவாள். போகப் போக, பெயரைக் கூப்பிட்டால் இரண்டு மூன்று தாய்மார் ஒன்றாக எழும்பினார்கள். டொக்டர் சிரித்தார். "தடுப்பூசியோட சேர்த்துப் பேரையும் குத்திவிடுறீங்களா மிஸ்ஸி?"

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட இளையவள். எனக்குத் தங்கச்சி மாதிரி. என் மகளுக்கு அவள் சின்னம்மா. அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தபோது மட்டும்தான் முறையாக அனுமதி கேட்கப்பட்டது.

"மிஸ்ஸியக்கா, நானும் அந்தப் பேரையே வெச்சா கோவிப்பீங்களா?"

"கிணத்துத் தண்ணியா புள்ள அது, குறைஞ்சுபோக? அள்ளிக்கொண்டு போ."

இப்படி எங்கள் ஒழுங்கையில் பெரிய சிந்துஜா, சின்ன சிந்துஜா என்று இரண்டு பேர் ஆனார்கள். சின்னவள் பெரியவளின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள். ஒருத்தியைச் சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள்.

பெயரின் பொருளை மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அறிந்தோம். தமிழ் படிப்பிக்கும் சேர் சொன்னாராம்: சிந்து என்றால் கடல், ஜா என்றால் பிறந்தவள், பாற்கடலில் பிறந்த லட்சுமிக்கு உரிய பெயர், வடமொழியிலிருந்து வந்தது. சிந்து என்றால் ஆறு என்றும் சொல்வார்களாம். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கிற எங்கள் ஊருக்கு இரண்டுமே பொருந்தும். நான் கடலை எடுத்துக்கொண்டேன். கிளினிக்கில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு, கடல் ஊருக்குள் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் வீடு வாவிப் பக்கமாக இருந்ததால் ஓடுவதற்குச் சற்று நேரம் கிடைத்தது. யாருடையதோ ஒரு தோணியில் கணவர் எங்களைத் தூக்கிப் போட்டார். சின்னவள் காலையிலேயே தாயின் கூடப்பிறந்த அக்காவோடு கடற்கரைப் பக்கம் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தோணியில் ஏறாமல் ஒழுங்கையில் திரும்பி ஓடினாள். "சிந்துஜா, சிந்துஜா" என்று அவள் கூப்பிட்டது தண்ணீர் இரைச்சலுக்கு மேலாலும் கேட்டது.

என் மடியிலிருந்த மகள் ஒவ்வொரு தரமும் பதில் சொன்னாள். "ஓம் சின்னம்மா, நான் இஞ்ச நிக்கிறன். சின்னம்மா, இஞ்ச."

நான் அவள் வாயைப் பொத்தி நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

தாய் பிழைத்தாள். சின்னவள் கிடைக்கவில்லை.

அதன் பிறகு என் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. மகள் என்றேன், புள்ள என்றேன், இஞ்சபார் என்றேன். கிளினிக்கிலும் புதிதாக ஒரு சிந்துஜாவும் வரவில்லை. பொருளை ஊர் முழுக்கச் சொன்னவள் நான். இப்போது எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. இருந்த சிந்துஜாக்களில் சிலரை வீட்டில் வேறு பெயர்களால் கூப்பிடத் தொடங்கினார்கள். கதிரவெளிப் பக்கத்திலிருந்து ஷெல்லுக்குப் பயந்து வந்த சனங்களின் முகாமில் பிள்ளைகளை நிறுக்கப் போன காலத்தில், அங்கேயும் ஒரு சிந்துஜா இருந்தாள். அவளை "அம்மாட பக்கத்தில நிக்கிற புள்ள" என்றுதான் கூப்பிட்டேன்.

யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்ன வருடம், மகள் பெரியபிள்ளை ஆனாள். அந்த நேரத்துக்கு ஒரு சாதகம் எழுதுவது வழக்கம். எழுத வந்த சாத்திரியாரிடம் பெயரைப் பற்றிக் கேட்டேன். ஷெல் சத்தம் நின்றுவிட்டது. வீதியில் மறித்துச் சோதிப்பதும் குறைந்து வந்தது. ஒவ்வொரு பயமாகக் கழற்றி வைக்கும் காலம் அது. எனக்கு மிஞ்சியிருந்தது இந்தப் பெயர். கடலின் பெயரைச் சுமந்துகொண்டு கடலுக்குப் பக்கத்தில் இவள் இன்னும் எத்தனை காலம் இருக்கப்போகிறாள் என்று மனம் அடித்துக்கொண்டது. மாற்றலாம் என்றார் அவர். 'சி'யிலேயே சிவதர்ஷினி என்று பார்த்துத் தந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தப் பெயருக்கு அர்ச்சனை செய்வதென்று முடிவானது.

மகள் ஏற்கவில்லை. "அது எங்கட வகுப்பில ஒருத்திர பேர். அவ மூக்கு நோண்டுறவ. எனக்கு ஒண்ணா, வேணாம்."

"பேரில என்னம்மா இருக்கு?" என்றேன்.

"ஒண்டுமில்லாட்டி ஏன் மாத்துறீங்க?"

கணவர் பத்திரிகைக்குப் பின்னால் சிரித்தது கேட்டது.

வியாழக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்தாள். பிட்டுக்கு மா அரித்துக்கொண்டிருந்தவள் முழங்கை வரைக்கும் மாவோடு வந்திருந்தாள்.

"நாளைக்குக் கோயிலுக்காம்."

"ஓம் புள்ள."

"பேர் மாத்தவா?"

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"அப்ப பேராலதான் எண்டு நினைக்கிறீங்க."

"இல்லகா. என்ட மனப்பயம். உனக்குத் தெரியாதா என்னை?"

"தெரியும். அதுதான் வந்தனான்." அவள் சத்தம் போடவில்லை. "பேராலதான் எண்டா, என்ட புள்ளைக்கு அந்தப் பேரை வெச்சது ஆர்? நான். நீங்க வைக்கச் சொல்லல்ல. நானாத்தானே கேட்டு வாங்கினன்."

எனக்கு அதுவரை இந்தப் பக்கம் தோன்றவே இல்லை.

"நீங்க உங்கட பயத்துக்கு மாத்திப்போட்டு நிம்மதியா இருப்பீங்க. பேரை மாத்தினதால மிஸ்ஸிர புள்ள தப்பிற்று எண்டு ஊர் சொல்லும். மறுகா நான் என்ன செய்யிற? அவவக் கடலுக்குக் குடுத்தது நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறதா?"

"அப்பிடிச் சொல்லாத புள்ள."

"கடல் பேர் கேட்டுக்கொண்டா வந்தது? கடைக்காரக் கிழவனையும் கொண்டுதானே போனது. அந்தாள்ர பேர் மலையில தொடங்கும். அது காப்பாத்திச்சா?"

சொல்லிவிட்டு அவளே சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணைத் துடைத்த கை மா கையாக இருந்ததால் முகமெல்லாம் வெள்ளையானது. நான் என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அறை வாசலில் நின்ற மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "இந்தாங்க சின்னம்மா" என்று நீட்டினாள். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, மா காய்ந்துபோகும் என்று சொல்லிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குச் சொல்லியாயிற்று, போகாமல் விடமுடியாது. ஒழுங்கை முனையில் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்துகொண்டாள். நான் கூப்பிடவில்லை. அவளும் என்ன முடிவு என்று கேட்கவில்லை. வழி முழுக்க முருங்கைக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

குருக்கள் தட்டை வாங்கினார். "ஆர்ர பேருக்கு?"

மகள் என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தாடை இறுகியிருந்தது.

"சிந்துஜா" என்றேன். "சதய நட்சத்திரம்."

"என்ன பேர் எண்டீங்க? மணிச் சத்தத்தில விளங்கல்ல."

நான் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி. "சிந்துஜா, ஐயா. சிந்துஜா."

அவர் மந்திரத்தோடு அதைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். அவள் இரண்டு கையாலும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் இன்னும் பயந்த ஆள்தான். காற்று மாறினால் கடல் பக்கம் காது போகிறது. மகள் ரியூசன் வகுப்பு முடிந்து வரப் பிந்தினால் ஒழுங்கையில் இறங்கி நிற்கிறேன். ஆனால் இப்போது பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். பக்கத்து வீட்டில் மா அரிக்கும் அரிதட்டுச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடரும். மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஏன்ம்மா ஊருக்கெல்லாம் கேக்கக் கத்துறீங்க?" என்று எரிந்து விழுவாள்.