ஆறு கட்டிலுக்கும் போகும் தண்ணீர்

மருத்துவமனையில் அவருக்கு டேங்க் அண்ணன் என்றுதான் பெயர். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டயாலிசிஸ் பிரிவுக்குப் பின்னால் உள்ள தண்ணீர் அறை இருபத்திரண்டு வருடமாக அவர் ராஜ்யம். குழாய்த் தண்ணீரை மணல், கரி, உப்பு, சவ்வு என்று நான்கு இடத்தில் சுத்தப்படுத்தி ஆறு கட்டிலுக்கும் அனுப்புவார். ஒருவர் நான்கு மணி நேரம் படுத்து எழுவதற்குள் அவருடைய இரத்தத்தை ஒட்டி நூற்றிருபது லிட்டர் ஓடிவிடும். நடுவே தலைமயிரைவிட மெல்லிய ஒரு சவ்வு, அவ்வளவுதான். அம்மாடி, அதை நினைத்தால் அவருக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

உப்புத் தொட்டியில் மூட்டையைக் கவிழ்க்கும்போதெல்லாம் எலிசா நினைவுக்கு வருவார். எரிகோவில் தண்ணீர் கெட்டு நிலம் விளையாமல் போனபோது, அந்தத் தீர்க்கதரிசி புதுப் பாத்திரத்தில் உப்பு வாங்கி ஊற்றில் போட, தண்ணீர் ஆரோக்கியமாயிற்று. "அவருக்கு ஒரு பாத்திரம் போதும் ஐயா, எனக்கு மாசத்துக்கு நாலு மூட்டை வேணும்" என்று போதகரிடமே சொன்னவர் நம்ம ஆள். போதகர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை, தானும் அதே வேலையின் ஒரு ஓரத்தில் நிற்பதாகவே மனதார நம்பினார்.

மூன்றாவது கட்டில் அவருடைய அக்காவுக்கு. வாரத்தில் மூன்று நாள் வருவாள். அந்த வாரம் வெள்ளம் சாலையை அடைத்ததில் ஒரு முறை தவறிவிட்டது. உடம்பில் தேங்கிய நீர் நுரையீரல்வரை ஏறி, படுக்க முடியாமல் இரண்டு இரவை உட்கார்ந்தே கழித்துவிட்டு, மகள் தாங்கிப்பிடிக்க வந்து சேர்ந்தாள். வேறு மருத்துவமனைக்குப் போக வழி இல்லை.

தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரினைக் காட்டிக்கொடுக்கும் மாத்திரை போட்டு, வெள்ளைச் சுவருக்கு நேரே பார்ப்பது அவர் வழக்கம். நிறமே தெரியக் கூடாது. அக்கா வந்து சேர்ந்த அன்று இளஞ்சிவப்பு தெரிந்தது. வெள்ளத்துக்குப் பயந்து நகராட்சி அள்ளிப் போட்ட குளோரின், கரியைத் தாண்டி வந்திருந்தது.

"இன்னொரு தரம் பாத்துடுங்கண்ணே" என்றார் தலைமை நர்ஸ். பார்த்தார். அதே சிவப்பு.

அக்கா மகள் ஓடிவந்தாள். "மாமா, லேசாத்தானே இருக்கு? அம்மாவுக்கு மூச்சே விட முடியல."

"இந்த லேசே ரத்தத்தை உடைச்சிடும் கண்ணு. உங்க அம்மாவுக்கும்தான்."

"அப்போ பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

அவர் வால்வை மூடினார். தான் மூடியது அக்காவின் உயிர்க்குழாயையோ என்று பயந்தார். நர்ஸ் அக்காவுக்கு ஆக்சிஜன் மாட்டினார். இவர் பழைய கரியை வாரி வெளியே கொட்டினார். புதுக் கரி மூட்டைகளைத் தனியாளாகத் தூக்கி நிரப்பினார். கழுவக் கழுவக் கறுப்பாக வந்தது. பாழாய்ப்போன தண்ணீர் வெளுக்கவே மாட்டேன் என்றது. சுவருக்கு அந்தப்பக்கம் அக்கா இருமும் சத்தம் விடாமல் கேட்டது. "ஆண்டவரே, அது நிக்காம இருக்கட்டும்" என்று வேண்டினார். இருமல் கேட்கும்வரை அவள் இருக்கிறாள் அல்லவா.

மூன்று மணி நேரம் ஆயிற்று. தொட்டியை வடித்து, குழாய்களை அலசி, மறுபடி மாத்திரை போட்டுச் சுவருக்கு நேரே பிடித்தார். நிறமே இல்லை. இன்னொரு குழாயிலும் இல்லை. ஒன்றுமே தெரியாத தண்ணீரைப் பார்த்து ஒரு மனுஷன் அப்படி அழுவானா என்று நர்ஸ் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். அந்தத் தெளிவுக்கு முன்னால் நிற்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வால்வைத் திறந்தார்.

சாயங்காலம் அவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது கட்டிலின் தலைமாடு இறக்கப்பட்டிருந்தது. அக்கா மல்லாந்து படுத்திருந்தாள்.

"ஏன்டா, பெதஸ்தா குளத்துக்கிட்ட முப்பத்தெட்டு வருஷம் கிடந்தானே ஒருத்தன்?"

"ஆமாக்கா."

"தண்ணிக்குள்ள இறங்கினா குணமாகும், இறக்கிவிடத்தான் ஆளில்லைன்னு இயேசுகிட்ட சொல்லி அழுதான். எனக்கு, இறங்காதேன்னு பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் இருந்தான்டா."

அவர் போர்வையை இழுத்துவிட்டார். அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.