கவுண்டருக்குப் போகாத அக்கா

அக்காவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, "பாவம், கை நடுங்கியே கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டா" என்று நான்கைந்து பேர் என்னிடம் சொன்னார்கள். தலையாட்டி வைத்தேன். வாதாட அன்று தெம்பில்லை. இப்போது சொல்கிறேன்: அந்தப் 'பாவம்' அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

அக்கா கார் எலக்ட்ரீஷியன். ஏசியில் வரும் மின்கோளாறு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அவள் 'கரண்ட்டக்கா'. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டிப் படுத்திருப்பாள். அந்தக் கால்களோடுதான் பாதி நாள் எல்லோரும் பேசுவார்கள். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோளாறு தன் கண்ணெதிரே ஒரு தடவை தலைகாட்டாமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற மாட்டாள். அவசரப்படுத்தினால், "திருடன் யாருன்னு தெரியறதுக்கு முன்னாடி தெருவுல போறவனையெல்லாம் உதைக்கச் சொல்றீங்களா?" என்பாள்.

ஐம்பதை ஒட்டி அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகவும் போகாது என்றார் டாக்டர். மின்சாரத்தை அளக்கும் மீட்டரின் முனையை வயரில் பிடித்தால் அது தாளம் போட்டது. அக்கா இரண்டு முனைகளிலும் பல் வைத்த கிளிப்பை மாட்டிக்கொண்டாள். கிளிப்பைக் கவ்வவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். வேலை ஒழுங்காகவே நடந்தது. முதலாளிக்குத்தான் சங்கடம்.

"கரண்ட்டக்கா, கோவிச்சுக்காதீங்க. வர்றவங்க உங்க கையைத்தான் பாக்கறாங்க. கவுண்டர்ல உக்காந்து போன் எடுங்க. சிரிச்ச முகமா ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

"இந்த முகத்துக்கா தம்பி அந்த வேலை? வந்தவன் வாசலோட திரும்பிடுவான்."

அவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு டாக்ஸி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. ஓடும்போது ஏசிக் காற்று நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்புக்குள் வந்ததும் சமர்த்தாக வீசும். மற்ற மெக்கானிக்குகள் முதலில் காற்றாடி மோட்டாரை மாற்றினார்கள், அடுத்து அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தை. இனி ஏசியின் கன்ட்ரோல் பேனலையே மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. அக்கா குறுக்கே நின்றாள்.

"நான் பாக்காம பேனல்ல யாரும் கை வைக்கக் கூடாது."

"சரி, பாருங்க. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா நாளையிலிருந்து கவுண்டர். அப்புறம் பேச்சு கிடையாது."

அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த நான், திறந்த கார்க் கதவுக்கு நேரே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்ஸிக்காரர் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, சீட்டில் இருந்தார். அக்காவின் கால்கள் வெளியே. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சரி. ஃப்யூஸ் சரி. காற்றும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா?" என்றார் டிங்கர் வேலை செய்பவர்.

"உங்க சுத்தியல் சத்தத்துல செத்தவன்கூடத் தூங்க முடியாது. போய் வேலையப் பாருங்க."

வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேலே போகும் வயர்க் கொத்தைப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் டாக்ஸிக்காரர் கத்தினார்.

"காத்து நின்னுடுச்சு!"

அக்கா அசையவில்லை. கையை மட்டும் எடுத்தாள். காற்று வந்தது. திரும்பப் பிடித்தாள். விட்டு விட்டு வந்து நின்றது.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள். அவள் குரலில் அப்படியொரு குஷியை நான் அதுவரை கேட்டதில்லை.

மோட்டாரிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் வயரில் கிளிப்பை மாட்டினாள். கை பட்டபோதெல்லாம் மீட்டரில் எண் எகிறியது. உறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நின்ற வண்டியில் அவை தாக்குப்பிடித்தன. ஓட்டத்தின் அதிர்வில் விட்டுப்போயின. மற்றவர்கள் அதே வயரை உறுதியான கையால் இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று விட்டிருந்தார்கள். அதற்கு வேண்டியிருந்தது விடாத சின்ன நடுக்கம்.

புது முனை வைத்துப் பொருத்தியபின், அந்தக் கொத்தையே பிடித்துக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தாள். காற்று நிற்கவில்லை.

முதலாளி தலையைச் சொறிந்தார். "ஏதோ அதிர்ஷ்டம்தான் கரண்ட்டக்கா."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். முடியெல்லாம் தூசி. "அதிர்ஷ்டமா? ஆடாத கை ரெண்டு தடவை பாத்துச்சு, என்ன கிழிச்சுது? பேனல்ல கை வைக்காதீங்கன்னு தடுத்தது யாரு? கவுண்டர்ல ஒரு பூந்தொட்டி வாங்கி வைங்க தம்பி. அது நடுங்காது. உங்களை எதிர்த்தும் பேசாது."

டாக்ஸிக்காரர் சிரித்த சிரிப்பில் ஹாரனை அழுத்திவிட்டார்.

அந்த டாக்ஸி அந்தக் குறையோடு திரும்பி வரவில்லை. முதலாளி கோபத்திலோ வேடிக்கைக்கோ, நிஜமாகவே ஒரு தொட்டியைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். அன்றுமுதல் அக்கா காலையில் உள்ளே நுழையும்போது அந்தச் செடியைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, "என்ன மேடம், போன் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் இதயம் நின்றது. முந்தின நாளும் செடியிடம் அதைக் கேட்டுவிட்டுத்தான் காருக்குள் தலையை விட்டாள்.