கங்காணி பேத்தி கானா போன கதை

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் விடுமுறையில் நான் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தேன். அப்போது ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த வெள்ளைக்கார விரிவுரையாளர் ஒருவர், ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு வருடம் ஒரு கல்விச் சுற்றுலா நடத்திக்கொண்டிருந்தார். அந்த வருடம் கானா. கலை, சமயம், வரலாறு, பதினாறு நாள் என்று கடிதம் எழுதியிருந்தார். தனியாகப் போகத் துணிவில்லாமல், எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியையைக் கூப்பிட்டேன். பதினான்கு பேர் கொண்ட குழுவில் நாங்கள் இருவர்தான் தமிழர்கள்.

அவளும் நானும் சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே தோட்டம் என்றாலும் ஒரே இடமில்லை. என் தாத்தா அங்கே பெரிய கங்காணி; தமிழ்நாட்டுக்குப் போய்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்தவர். என் அப்பா அதே தோட்டத்தில் பெரிய கிராணி, அலுவலகக் கணக்கர்களுக்குத் தலைவர். எங்களுக்குக் கண்ணாடிச் சன்னல் வைத்த வீடு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். அவர்களுக்குக் கூலிக்காரர் குடியிருப்பு வரிசையான லயத்தில் ஓர் அறை. அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் நின்றுதான் பேசுவார். என்னைவிட ஐந்து வயது சின்னவள் அவள். இவையெல்லாம் இருவருக்கும் தெரியும். ஈப்போவில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், “அக்கா, அக்கா” என்று அவள் என்னைச் சுற்றி வந்தாள். ஆகவே பழையது முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

கானாவில் முதல் வாரம் குமாசி நகரில் கழிந்தது. விடுதிக் குழாயில் பாதி நாள் தண்ணீர் வராது. அவள் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. நான்கு விரல் அகலத்துக்கு நீளநீளமாக நெய்து, பிறகு ஒட்டுத் தைக்கிற துணியை இரண்டு மணி நேரம் நின்று பார்த்தாள். சுரைக்குடுக்கை ஓட்டில் அச்சு வெட்டிக் கறுப்புச் சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிக்கிறவரிடம் கேட்டு வாங்கித் தானும் பதித்தாள். தங்கம் நிறுக்கச் செய்த பித்தளை எடைக்கற்களில் மீன், ஆமை, சண்டை போடும் இரண்டு மனிதர்கள் என்று ஒவ்வொன்றையும் வரைந்து வைத்தாள். பள்ளியில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

எட்டாம் நாள் ஊருக்கு வெளியே ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மண் சுவர், நடுவே முற்றம். மேளம் ஏறஏறப் பூசாரிப் பெண்ணுக்குச் சாமி வந்தது. உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசியிருந்தாள். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். இவள் கைகூப்பி நின்றாள். கண்ணில் தண்ணீர்.

“எங்க லயத்து முனியாண்டி இப்படித்தான் வருவாரு, அக்கா. மேளம்கூட அதே மாதிரி இருக்குலா,” என்றாள்.

விரிவுரையாளர் அதைக் கவனித்துவிட்டு ஆர்வமாக என்னிடம் திரும்பி, உங்களிடமும் இது உண்டா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நான் கிறிஸ்தவள். இது தோட்டத்துக் கூலிக்காரர்கள் செய்வது, எங்களுக்குச் சம்பந்தமில்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல, திருத்தமான ஆங்கிலத்தில்.

அவள் கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். பேருந்தில் என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். தலைவலியாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

பதினோராம் நாள் கடற்கரைக் கோட்டை. அடிமைகளைக் கப்பலில் ஏற்றும் வரை அடைத்து வைத்த இடம். நிலவறைக்குள் இறங்கினால் மூச்சு முட்டியது. அதற்கு நேர் மேலே தேவாலயம் இருந்த இடத்தைக் காட்டினார்கள். கீழே ஆட்கள் கிடக்க, மேலே பாட்டுப் பாடியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. வெள்ளைக்காரர்கள் நடுவே நின்று, “எங்களையும் இப்படித்தான் கப்பலில் ஏற்றினீர்கள்,” என்று சத்தமாகவே சொன்னேன். அந்தக் கோபத்தில் ஒரு பெருமையும் இருந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர், ஐம்பது வயதிருக்கும். நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: “வெள்ளைக்காரன் காட்டுக்குள் வந்து ஆள் பிடிக்கவில்லை. பெரும்பாலும் கோட்டையிலேயே உட்கார்ந்திருந்தான். கொண்டுவந்து விற்றவர்கள் எங்கள் ஆட்கள். என் முன்னோர்களும் அதில் உண்டு. வீட்டில் இதைப் பேச மாட்டார்கள். அதனால் நான் இங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை விடுதி அறையில், துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “அக்கா, எங்க அப்பா குடும்பத்த உங்க தாத்தா என்ன சொல்லிக் கூட்டியாந்தாருன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“ஆளுக்கு ரெண்டு ஏக்கரு எழுதித் தருவாங்க, கெணறு வெட்டித் தருவாங்கன்னு சொன்னாராம். முசிரிப் பக்கத்துலேர்ந்து பதினெட்டுப் பேரு கெளம்புனாங்க. எங்க அப்பாவுக்கு அப்ப எட்டு வயசு. வந்து எறங்குனதும் காய்ச்சல்ல அவுங்க அம்மா போயிட்டாங்க. அவுங்க அப்பா திரும்பிப் போறேன்னு சொன்னதுக்கு, உங்க தாத்தா செருப்பால அடிச்சாராம். எங்க அப்பா பாத்துக்கிட்டு நின்னுருக்காரு.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருடங்களில் பல மாதிரி எழுதிப் பார்த்திருக்கிறேன். அன்று சொன்னது இதுதான்: “அடிமையும் அதுவும் ஒண்ணா? உங்க ஆளுங்க விருப்பப்பட்டுத்தானே கப்பல் ஏறுனாங்க.”

இரண்டும் ஒன்றில்லை என்பது உண்மைதான். அந்த உண்மையை எடுத்து அவளை அடிக்க எனக்கு உரிமை இல்லை. அவள் பெட்டியை மூடினாள். மீதி ஐந்து நாளும் ஒரே அறையில் தேவைக்கு மட்டும் பேசினோம்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். ஓய்வுபெற்று ஈப்போவில் என் அண்ணன் வீட்டில் இருந்தார். பத்திரிகையை இறக்காமலே, “தாத்தா கூட்டியாராட்டி அவனுங்க அங்கேயே பஞ்சத்துல செத்திருப்பானுங்க,” என்றார். செருப்பால் அடித்தது உண்மையா என்றேன். “யாரத்தான் அடிக்கல,” என்றார். பிறகு, இதையெல்லாம் கிளறவா அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டார்.

பள்ளி திறந்து ஒரு மாதத்தில் தமிழ்மொழிக் கழகத்தில் எங்கள் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசுவது, அவள் எடுத்த படங்களைத் திரையில் காட்டுவது என்று ஏற்பாடு. அவள் ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். இப்போது யோசித்தால், எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வந்தாள் என்று தோன்றுகிறது. துணி, எடைக்கல், மேளம், கோட்டை எல்லாம் முடிந்தது. உள்ளூர்த் தலைவர்களே ஆட்களை விற்றதையும் சொன்னேன். அப்போது நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயது மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், அப்ப நம்மள இங்க கொண்டாந்தது யாரு?” என்று கேட்டாள்.

மண்டபத்தில் எண்பது பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். படக்கருவிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். எனக்குத் தலைமையாசிரியரும் தெரிந்தார், அண்ணன் மகளும் தெரிந்தாள். முன்வரிசையில் இருந்த அந்தப் பிள்ளை, கேட்டதை வீட்டில் என் அப்பாவிடம் சொல்லிவிடுவாள்.

“வெள்ளைக்காரன்,” என்றேன்.

படக்கருவியின் விளக்கு அணைந்தது. அவள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே போனாள். அந்த வருடக் கடைசியில் ஆயர் தாவாரில் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். பிரிவுபசாரத்தில் எல்லோரிடமும் பேசினாள். என்னிடமும் பேசினாள், எல்லோரிடமும் பேசியதைப் போலவே.

மூன்று வருடம் கழித்து அப்பா இறந்தார். அவர் இருக்கும்வரை பேசத் துணியாத நான், அடக்கம் முடிந்த இரண்டாம் மாதம் பேருந்து ஏறி ஆயர் தாவாருக்குப் போனேன். சனிக்கிழமை பகல். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு. கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தாத்தா செய்தது, கோயிலில் நான் சொன்னது, விடுதியில் சொன்னது, மண்டபத்தில் சொல்லாமல் விட்டது, எதையும் விடவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

முழுவதும் கேட்டாள். பிறகு, “எங்க அப்பா போன வருசம் தவறிட்டாரு,” என்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன்.

“தெரியாதுதான். சொல்லி அனுப்பல. இத அந்தப் புள்ளைங்க முன்னாடி சொல்லியிருந்தா நான் அவருகிட்டப் போய்ச் சொல்லியிருப்பேன். இங்க வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்க. இத வச்சி நான் என்ன செய்யறது?”

மன்னித்துவிடு என்ற சொல் வாய்வரை வந்தது. அதுவும் அவளிடம் எதையோ கேட்டு வாங்குவதுதான் என்று பட்டது.

“ஈப்போ பஸ்சு மூணு மணிக்குத்தான். அது வரைக்கும் இருங்க,” என்றாள். மேசையில் மாணவர்களின் ஓவியங்கள் குவிந்திருந்தன. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். நான் அவள் வீட்டு நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து, போய் வருகிறேன் என்றேன். அவள் தலையை நிமிர்த்தி, சரி என்றாள்.