லூர்து டீச்சரும் மெதுவாகப் படித்த அம்மாவும்

கண்டக்டர் சின்னையா எங்கள் ஊரில் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வழியாக அன்னவாசலுக்கு வரும் அந்த பஸ்ஸின் படியில் நின்றபடியே, அறந்தாங்கியிலிருந்து எனக்கு வரும் கதைப் புத்தகத்தை நீட்டுவார். நான் வாங்கிக்கொண்டதும் விசில் ஊதிவிடுவார். போன மாதம் ஒரு காலையில் அவர் இறங்கி வந்தார். கையில் புத்தகம் இருந்தது, ஆனால் நீட்டவில்லை.

"டீச்சர், லூர்து டீச்சர் தவறிட்டாங்க. நேத்து சாயங்காலம். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க, அம்புட்டுத்தான்" என்றார். கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "இது அவங்ககிட்ட நான் வாங்குனது. பாதிதான் படிச்சிருக்கேன். இனி இத ஆருகிட்ட குடுக்குறது?" என்று என்னைக் கேட்டார். வண்டியில் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அந்த வண்டி திரும்பும்போது அதிலேயே ஏறிக்கொண்டேன்.

நம் ஆசிரியர் சங்க மலரில் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு லூர்தம்மாள் டீச்சரைத் தெரியும். அன்னவாசலில் எங்களோடு பல வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். பிறகு சொந்த ஊரான அறந்தாங்கிக்கே மாற்றலாகிப் போனவர். உங்களுக்கு அவர் ஒரு கதையைச் சிபாரிசு செய்யாமல் விட்டிருந்தால், அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருக்க வேண்டும். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்புத் தாள் அட்டை போட்டு வைத்திருப்பார். எல்லாம் சிரிப்புக் கதைகள், வீட்டுக்குள் நடக்கிற கதைகள். அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "ஆரும் சாகக் கூடாது. ஒரு தடவையாச்சும் மழை பேயணும். ஒரு பலகாரமாச்சும் சுடணும். இது மூணும் இருந்தாத்தான் நான் இன்னொருத்தர் கையில குடுப்பேன்" என்பார். மழையை எங்கள் சீமையில் கதையில் பார்த்தால்தான் உண்டு என்பதால் நானும் அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டேன்.

எங்கள் தலைமையாசிரியர் கனமான விஷயங்களை மட்டும் படிக்கிற ஆசாமி. "இதையெல்லாம் படிச்சு அறிவுக்கு என்ன பிரயோசனம்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். லூர்து டீச்சர் கோபப்படவில்லை. "அறிவுக்குத்தான் பகல் பூரா பாடம் நடத்துறோமே சார். இது சாயங்காலத்துக்கு" என்றார். அடுத்த வாரம் சாரின் மேஜை டிராயரிலிருந்து பழுப்பு அட்டை எட்டிப் பார்த்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், யாரும் வாய் திறக்கவில்லை. சின்னையாவுக்கு மட்டும் தனிக் கணக்கு. யாருமே பிரயாணம் போகாத கதைகளாகப் பொறுக்கிக் கொடுப்பார். "நாள் முழுக்கப் போய்க்கிட்டே இருக்குற மனுசன். கதையிலயாச்சும் ஒரு எடத்துல உக்காரட்டும்" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

நான் அன்னவாசலுக்கு வந்தது புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஜில்லாவோடு சேர்ந்த புதிதில். என் கணவர் விஷஜுரத்தில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாத்தியார் பயிற்சி முடித்திருந்ததால் வேலை கிடைத்தது. ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைச் சாத்தினால், பொழுது சாயும் அந்த நேரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே ஆடுகள் திரும்பிப் போகும் சத்தம் கேட்கும். வெயில் சுவரில் மெல்ல ஏறி, மேலே போய், இல்லாமல் ஆகும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் விளக்கு ஏற்றக்கூட மறந்திருக்கிறேன்.

திருமயத்திலிருந்து என் அண்ணன் வந்தார். "எதுக்குத்தா இப்புடித் தனியாக் கெடந்து அல்லாடுற? வேலைய எழுதிக் குடுத்துட்டு அங்கிட்டு வந்துரு. பிள்ளைகளோட பிள்ளையா இருந்துட்டுப் போ" என்றார். அண்ணன் நல்லவர்தான். ஆனால் பிள்ளைகளோடு பிள்ளையாக இருப்பது என்றால் அடுப்படியோடு அடுப்படியாக இருப்பது என்று எனக்குத் தெரியும். போய்விட்டால் வேலையும் போகும், எனக்கென்று சாத்தித் திறக்க ஒரு கதவும் போகும். ஆனாலும் அந்தச் சாயங்காலங்களுக்குப் பயந்து நான் சம்மதித்துவிட்டேன். ராஜினாமா எழுத வெள்ளைத்தாள்கூட வாங்கியாயிற்று.

எல்லோரும் புத்தி சொன்னார்கள். போ என்று பாதிப் பேர், போகாதே என்று பாதிப் பேர். லூர்து டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தைத்த தாள்கள் கொஞ்சத்தை என் பையில் வைத்தார். மலை ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீடு. அதில் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர், அவருடைய மூன்று அக்காமார், ஒரு சமையற்காரர். ஜட்ஜின் முறுக்கு டின்னிலிருந்து தினமும் முறுக்கு குறைகிறது. அவர் தினமும் கூடத்தில் கோர்ட் கூட்டி, அக்காமாரையே குறுக்கு விசாரணை செய்கிறார். வெளியே ஓயாத மழை. படிக்கப் படிக்க என் அறைச் சுவரெல்லாம் ஈரமாகி, ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியதுபோல் இருந்தது. மூத்த அக்கா கூண்டில் நிற்க மாட்டேன், நாற்காலி போடு என்று அடம் பிடிக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சிரிப்புச் சத்தம் எனக்கே யாருடையதோபோல் கேட்டது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அதோடு தாள் தீர்ந்திருந்தது.

திங்கட்கிழமை ஓடிப் போய்க் கேட்டேன். "மீதி அறந்தாங்கியில ஒரு அம்மாகிட்ட இருக்கு டீச்சர். வயசானவங்க. எழுத்துக்கூட்டி மெதுவாத்தான் படிப்பாங்க. சனிக்கிழமை எங்க வீட்டுக்குப் போவேன்ல, அப்ப அவங்க முடிச்சதை வாங்கிட்டு வாரேன்" என்றார். அடுத்த வாரம் கொஞ்சம் வந்தது. கூடவே ஒரு சேதியும் வந்தது: "ரெண்டாவது அக்காவ நம்பாதீங்கன்னு அந்த அம்மா ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நீங்க எந்த எடத்துல சிரிச்சீங்கன்னும் கேட்டாங்க." நான் நாற்காலி இடத்தைச் சொல்லியனுப்பினேன். "அவங்களும் அங்கனதான் சிரிச்சாங்களாம். பக்கத்து வீட்டுல வந்து என்னன்னு கேட்டாங்களாம்" என்று பதில் வந்தது.

இப்படித்தான் முகம் தெரியாத அந்த அம்மா என் சாயங்காலங்களுக்குள் வந்தார். படிக்கும்போது அவரும் எங்கோ ஒரு வாசலில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அதே வரியில் விரல் வைத்திருப்பதாக நினைப்பேன். அவருக்கு மூக்குப்பொடி போடுகிறவர்களைப் பிடிக்காது. சமையற்காரர் மேல் தனிப் பிரியம். நான் ஒரு வாரம் சிரிக்கவில்லை என்றால் கவலைப்படுவார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று கவனித்துப் படித்தேன். அண்ணன் திரும்ப வந்தபோது, "பரீட்சை முடியட்டும்ணே" என்றேன். அதற்கடுத்த முறை, "அடுத்த வருஷம் பாப்போம்ணே" என்றேன். முறுக்குத் திருடர் யார் என்று ஜட்ஜுக்குத் தெரிவதற்குள் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ராஜினாமாவுக்கு வாங்கின தாளில் என் வகுப்புப் பிள்ளைகள் பூப்படம் போட்டார்கள். திருடர் யார் என்பதைச் சொல்ல மாட்டேன். உங்களில் சிலர் இன்னும் படித்திருக்க மாட்டீர்கள்.

அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பல தடவை கேட்டேன். "கூச்ச சுபாவம் டீச்சர். பல்லு இல்ல. பல்செட்டு கட்டிக்கிட்டு ஒங்களப் பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார் லூர்து டீச்சர். பல்செட் வந்தது, ஆனால் பொருந்தவில்லையாம். பிறகு மதுரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். நான் அறந்தாங்கிக்குப் போகிற நாளெல்லாம் அவர் ஊரில் இருக்க மாட்டார்.

லூர்து டீச்சர் சட்டத்தை மீறியது ஒரே ஒரு முறைதான், அதுவும் தெரியாமல். தான் படித்து முடிக்காத கதை ஒன்றை, ஆரம்பம் நன்றாக இருக்கிறதே என்று என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. வியர்வை வழிய நின்றுகொண்டிருந்தார்.

"எந்த அத்தியாயத்துல இருக்கீங்க?"

"ஏழு."

"அப்பாடா! குடுங்க இங்கிட்டு."

அந்தக் கதையை முன்பே படித்திருந்த அவருடைய தங்கை சவேரியம்மாள், முந்தின நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: ஒன்பதாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் புருஷன் ஜுரத்தில் செத்துப்போகிறான். அதைக் கேட்டுவிட்டுத் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் முதல் வண்டியைப் பிடித்து வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை எந்த மழைக்கும் காய்ச்சலுக்கும் விடாதவர். "ஃபாதர் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். "ஒரு உசுரக் காப்பாத்தப் போனேன்னு சொல்லுவேன்" என்றார். பிறகு என் அறையிலேயே உட்கார்ந்து, கஞ்சி குடித்துக்கொண்டு, மீதிக் கதையைத் தானே சொன்னார். அவர் சொன்ன கதையில் அந்தப் புருஷனுக்கு ஜுரம் இறங்கியது; பத்தியச் சாப்பாட்டுக்கு முகம் சுளித்தான்; இருவரும் திண்டுக்கல்லில் மளிகைக்கடை வைத்தார்கள். நான் அழுதேன். அவர் பார்க்காததுபோல் கடையில் என்னென்ன சாமான் இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப்போன ஒரு மத்தியானமும் நினைவுக்கு வருகிறது. குகைக்குள் பாறை குளுகுளுவென்று இருந்தது. பிள்ளைகள் வெளியே கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் தரையில் மல்லாந்து படுத்து விதானத்து ஓவியத்தைப் பார்த்தோம். தாமரைக் குளம்; இலைகளுக்கு இடையில் மீன், வாத்து, எருமை, யானை, நடுவில் நின்று பூப்பறிக்கிறவர்கள். பார்த்துக்கொண்டே இருந்ததில் எங்களுக்கு மேலே இருப்பது பாறையா தண்ணீரா என்பது குழம்பிப்போனது. "பாத்தீங்களா டீச்சர், இதுல ஆருமே சாகல" என்றார் அவர், பாதித் தூக்கத்தில். "எம்புட்டுக் காலமாப் பூப்பறிச்சுக்கிட்டு இருக்காங்க, ஒருத்தருக்கும் ஒரு அவசரமில்ல." அப்படியே தூங்கியும்விட்டார். பிள்ளைகள் எங்களைத் தேடிக்கொண்டு வந்து சிரித்தார்கள்.

அன்று அறந்தாங்கி மாதா கோயிலில் அடக்கப் பூசைக்கு நல்ல கூட்டம். அழுதுகொண்டே என் கண் வேறொருவரைத் தேடிக்கொண்டிருந்தது. வயதான, பல் இல்லாத, மூக்கில் கண்ணாடி இறங்கிய ஒரு அம்மாள். லூர்து டீச்சரின் சாவு என்னைவிட அவரைத்தான் அதிகம் உலுக்கியிருக்கும், பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு சவேரியம்மாளிடம் கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பார்த்தால் சிரிப்பும் கலந்திருந்தது.

"அப்புடி ஒருத்தரும் இல்ல டீச்சர். அந்த ஜட்ஜ் கதை முழுசும் எங்க வீட்டுலதான் இருந்துச்சு. ஒரே புத்தகமாத் தைச்சிருந்ததை அக்காதான் பிரிச்சுப் பிரிச்சு எடுத்துட்டு வரும். மொத்தமாக் குடுத்தா ஒரு நாள்ல படிச்சிட்டு, மறுநாள் திருமயத்துக்கு வண்டி ஏறிருவீங்கன்னு அதுக்குப் பயம். சனிக்கிழமை கடலை உரிச்சுக்கிட்டே, இந்த வாரம் அந்த அம்மா என்ன சொல்லுவாங்கன்னு எங்கிட்ட கேக்கும். ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுவோம். பல்லு இல்லன்னது மட்டும் அக்கா சொன்னதில்ல. அந்தப் பல்லு விசயம் என்னோடது."

 எனக்குக் கோபம் கொஞ்சமும் வரவில்லை. வெறும் துக்கம்தான், அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. என்னை அந்த அறையில் தக்கவைத்தவர்கள் இரண்டு பேர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இருவரும் ஒருவரே என்று தெரிந்த நாளில் அந்த ஒருவரும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு வரை சவேரியம்மாள் கூட வந்தார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இனி அந்த அம்மாவ என்ன செய்யிறது டீச்சர்?" என்று கேட்டார். பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகத்தான் கேட்டார்.

"மகன் வீட்டுலதான இருக்காங்க? இருக்கட்டும்" என்றேன். "லூர்து டீச்சர் போன சேதிய மட்டும் அவங்களுக்குச் சொல்லிவிட வேணாம். தாங்க மாட்டாங்க."

சவேரியம்மாள் தலையை ஆட்டினார்.

அன்பர்களே, லூர்தம்மாள் டீச்சரிடமிருந்து ஆளுக்கு ஒரு புத்தகம் உங்கள் வீடுகளில் இருக்கும். என் ஜட்ஜ் கதையைக் கரையான் தின்று வெகுநாளாயிற்று. என்னிடம் மிச்சம் இருப்பது அந்த அம்மா ஒருத்தர்தான். மதுரையில் ஏதோ ஒரு வீட்டில் மழை பெய்கிறது. அவர் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தனக்கு வந்த சிரிப்பை அடுத்த சனிக்கிழமை லூர்து டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.